கூதிர்காலப் பறவைகளும் பஸ் பயணமும்



ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த காலத்தை நம் முன்னோர் கூதிர் என்றனர். வட நாடுகளிலே மரங்கள் இலையுதிர்க்கும் காலமும் ஏறத்தாழ இதுவே. அங்கே பகற்பொழுது குறுகிச் சேற்று நிலங்கள் உறையத் தொடங்கும்போது, அச்சேற்றில் இரை தேடி வாழும் பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. குளிருக்கு அஞ்சி வருகின்றன என்பதிலும் உணவை நாடி வருகின்றன என்பதே பொருத்தமாகும். இலங்கைக்குத் தெற்கே தென் துருவம் வரை பெருநிலம் எதுவும் இல்லை. ஆதலால் அவற்றுட் பலவற்றுக்கு நமது நாடே பயணத்தின் முடிவிடமாக அமைகின்றது.

இப்பயணத்தின் நெடுமை வியப்புக்குரியது. 2021ஆம் ஆண்டில் மன்னாரிலே கடற்புறா ஒன்றின் உடலில் சிறு கருவியொன்றைப் பொருத்தி விடுத்தனர். அது ருஷியாவின் வட முனையிலுள்ள யமால் குடாநாட்டை அடைந்து, பின்னர் மன்னாருக்கே மீண்டது. போக வர அது கடந்த தூரம் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். கரையோரப் பறவைகள் பலவற்றில் தாய் தந்தையர் முன்னதாகவே புறப்பட்டுவிட, அவ்வாண்டிற் பிறந்த குஞ்சுகள் வழிகாட்டுவாரின்றிப் பின்னே வந்து சேர்கின்றன என்பதும் அறியத்தக்கது.

இவற்றைக் காண்பதற்குச் சொந்த வாகனம் வேண்டும் என எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. நடந்து வரும் மனிதனைக் கண்டு தொலைவிலேயே எழுந்து பறக்கும் பறவை, நாள்தோறும் அதே தெருவிற் செல்லும் பஸ் வண்டியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வண்டியின் யன்னலோரம் நல்லதொரு மறைவிடம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து தீவுப் பகுதிக்குச் செல்லும் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது இருமருங்கும் ஆழமற்ற கடனீரேரி விரிகின்றது. காலையில் மேற்கே செல்வோருக்கும், மாலையிற் கிழக்கே திரும்புவோருக்கும் வெயில் முதுகுப்புறமாக இருக்கும். ஆகவே கண் கூசாது. உள்ளான்களையும் ஆலாக்களையும் அங்கே காணலாம்.

தொலைவு செல்ல விரும்புவோர், 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாகப் பூநகரியைக் கடந்து மன்னாரை அடையலாம். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியை அடுத்து வங்காலைச் சரணாலயம் உள்ளது. 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்நிலம், 2010ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் பூநாரையும் கூடுமிடம் இதுவாகும்.

புறப்படுமுன் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை நடத்துனரிடம் கேட்டறிதல் வேண்டும். குடையும் குடிநீரும் குறிப்பேடும் போதும். தொலைநோக்கி இருப்பின் நன்று. இறங்கிய இடத்தில் தெருவோரமாகவே நின்று சிறிது நேரம் அசையாதிருத்தல் வேண்டும். பெருங்கூட்டத்தைக் கண்டால் முதலிற் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடங்கும் இடத்தின் அளவை மனத்திற்கொண்டு, எஞ்சியவற்றைப் பத்துப் பத்தாக மதிப்பிடுக. நாள், நேரம், இடம், தொகை ஆகிய நான்கையும் அங்கேயே எழுதிவிடுக. பெயர் தெரியாத பறவையாயின் அதன் அலகையும் காலையும் வரைந்து கொள்ளலாம்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2020ஆம் ஆண்டில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டன. நாட்டுக்கு மின்சாரம் தேவை. பறவைக்கோ வான்வழி தேவை. இரண்டையும் காக்க வேண்டுமாயின், எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு பறவைகள் எவ்வழியாகச் செல்கின்றன என்பது தெரிந்திருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆசிய நாடுகளில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இதற்குப் பெரிதும் உதவுகின்றது. எனினும் ஒரு மாதக் கணக்கு முழுப் பருவத்தின் வரலாறாகிவிடாது.

அவ்வரலாற்றை எழுதத்தக்கவர் யார்? எப்போதாவது வந்து செல்லும் விருந்தினரைவிட, அதே தாம்போதியை நாள்தோறும் கடக்கும் மாணவரும் ஆசிரியரும் அலுவலருமே தகுதி மிக்கவர். பஸ் வண்டி நேரம் தவறினாலும், பறவைகள் பருவம் தவறுவது அரிது. அவை பருவம் தவறுமாயின் அதனை முதலில் அறிபவர், யன்னலோரத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கும் அவர்களாகவே இருத்தல் வேண்டும்.