பாலினச் சமத்துவக் கலைநிகழ்ச்சிகளும் நிதியுதவியும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவில் ‘பாலினம்’ என்னும் சொல் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்டது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1995இல், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் மலேசியா இணைந்தது. சட்டத்தில் இடம்பெற்ற இக்கருத்தை மக்கள் மனத்தில் பதியச் செய்வதில் நாடகம், நாட்டியம், கவியரங்கம், கண்காட்சி முதலான கலைநிகழ்ச்சிகளுக்கு உரிய பங்கு உண்டு. அனைத்துலக மகளிர் நாளையொட்டிக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இத்தகைய தமிழ் நிகழ்ச்சிகள் நடைபெறுவதை நாம் அறிவோம்.

இந்நிகழ்ச்சிகளைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் பாடுபொருளோடு நின்றுவிடுகின்றன. பணம் எவ்வழியாக வந்தது, யாருக்குச் சென்றது என்னும் வினாக்கள் எழுவது அரிது. பாலினச் சமத்துவத்தை வலியுறுத்தும் ஒரு நிகழ்ச்சி, தன் வரவுசெலவிலும் அச்சமத்துவத்தைப் பின்பற்றினாலன்றி அதன் நோக்கம் முழுமை பெறாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை விளக்கும் பொருட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள நிதிவழிகளும் அவற்றின் நிபந்தனைகளும் கீழே ஆராயப்படுகின்றன.

புரவலரும் பரிசிலும்

கலைக்கு நிதி வழங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாகும். அவற்றுள் முருகாற்றுப்படை நீங்கலான நான்கும், பரிசில் பெற்ற கலைஞர் ஒருவர் வறுமையுற்ற மற்றொரு கலைஞரைப் புரவலரிடம் வழிப்படுத்தும் அமைப்புடையன. புறநானூற்றில் விறலியாற்றுப்படை எனத் தனித்துறையே உண்டு. ஆடியும் பாடியும் வாழ்ந்த பெண் கலைஞரையும் அவர்தம் பரிசிலையும் நம் முன்னோர் இலக்கியப் பொருளாகக் கொண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் பரிசிலின் மறுபக்கத்தையும் தமிழிலக்கியம் காட்டத் தவறவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், அரசன்முன் ஆடிய மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புடைய மாலையும் பெறுகிறாள். அம்மாலையைக் கூனி ஒருத்தி நகரச் செல்வர் திரியும் தெருவில் விலைகூறி நிற்கிறாள். அதனை வாங்குவோனே மாதவிக்கு உரியவன் என்பது ஏற்பாடு; கோவலன் வாங்குகிறான். கலைக்குக் கிடைத்த பரிசு கலைஞரின் விலையாக மாறியதை இளங்கோவடிகள் காட்டியுள்ளார். பொருள் எவ்வளவு வந்தது என்பதோடு, எந்நிபந்தனையோடு வந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிதிவழிகள்

இவ்வட்டாரத்தில் கலைநிகழ்ச்சிகளுக்கான நிதியை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, சமூகம் தானே திரட்டும் நிதி. நன்கொடை, நுழைவுச்சீட்டு, சிறப்புமலர் விளம்பரம், விருந்து நிகழ்ச்சி என்பன இதன் வடிவங்கள். 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தோற்றுவித்த ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ என்னும் கலைநிறுவனம் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் அமைந்துள்ள இந்நிறுவனத்தோடு இணைந்த அன்னலட்சுமி உணவகம், உண்டவர் தம் மனம் விரும்பியதைத் தரும் முறைக்குப் பெயர்பெற்றது. தொண்டுணர்வே இம்முறையின் அடித்தளம். வெளியார் நிபந்தனைக்கு உட்படாமை இதன் வலிமை.

பரதநாட்டிய அரங்கேற்றத்தையும் இவ்வகையிலேயே சேர்க்கலாம். அதன் செலவு முழுவதையும் ஆடும் பெண்ணின் குடும்பமே ஏற்கிறது. பக்க இசைக்கலைஞர்க்கு ஊதியம் உண்டு, ஆடுபவருக்கு இல்லை. கலையில் பெண்ணின் உழைப்பு விலைமதிப்பின்றி அளிக்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் இங்கிருந்தே வேரூன்றுகிறது எனலாம்.

இரண்டாவது, அரசு சார்ந்த நிதி. தேசியப் பண்பாடு, கலைத் துறை, மாநகர் மன்றங்கள், சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி ஒதுக்கீடுகள் ஆகியன இதில் அடங்கும். 2017இல் நிறுவப்பட்ட ‘செண்டானா’ என்னும் பண்பாட்டுப் பொருளாதார மேம்பாட்டு நிறுவனம் கலைஞர்க்குப் போட்டி முறையில் மானியம் வழங்கி வந்துள்ளது. இந்தியர் மேம்பாட்டுக்கென 2018இல் அமைக்கப்பட்ட மித்ரா பிரிவிற்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்னும் அளவில் நிதி ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. எனினும் அதன் முதன்மை நோக்கம் சமூகப் பொருளாதார உயர்வேயாதலின், கலையைக் கல்வியோடோ வருமானத்தோடோ இணைத்துக் காட்டினாலன்றி அங்கு இடம்பெறுதல் கடினம்.

மூன்றாவது, தனியார் அறநிதி. 1984இல் தோன்றிய ‘ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்’ என்னும் குழுவின் நிறுவனர்களுள் ஒருவரும் நாடக இயக்குநருமான கிருஷேன் ஜித் 2005இல் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த நிதி, சிறு தொகைகளைத் தனிக்கலைஞர்க்கு வழங்கி வந்துள்ளது. சங்கப் பதிவு இல்லாத இளம்பெண் ஒருவருக்கு இத்தகைய சிறு நிதியே எட்டத்தக்கது. 1967ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு நன்கொடை தருவோர் வரிக்கழிவு பெறலாம். பெரிய நிறுவனங்கள் இக்கழிவை எதிர்பார்ப்பதால், அங்கீகாரம் பெறாத சிறிய மகளிர் குழுக்கள் அவற்றின் வாயிலை அணுகுவதே அரிதாகிவிடுகிறது.

வரவுசெலவில் பாலினப் பார்வை

‘பாலினப் பார்வையுடைய வரவுசெலவுத் திட்டம்’ என்பது பெண்களுக்கெனத் தனியே ஒரு தொகையை ஒதுக்குவதன்று. ஒவ்வொரு செலவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வாறு பயன்படுகிறது என ஆராய்ந்து பணத்தைப் பங்கிடும் முறையாகும். மலேசியாவில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 2003இல் சில அமைச்சுகளில் இது முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. பினாங்கு மாநிலத்தில் மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் முயற்சியால் 2012இல் இரு நகராண்மைக் கழகங்களில் மக்கள் பங்கேற்போடு இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஜாலான் சுங்கை அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோரே தம் குடியிருப்புக்கான செலவு முன்னுரிமைகளை வாக்களித்துத் தெரிவு செய்தனர்.

இப்பார்வையைக் கலைநிகழ்ச்சிக்குப் பொருத்திக் காண்போம். கிள்ளானில் குடும்ப வன்முறை பற்றிய ஒரு தமிழ் நாடகம், 20,000 வெள்ளி நிதியில், பத்துப் பெண்கள் நடிக்க அரங்கேறுவதாகக் கொள்வோம். மண்டபத்திற்கு 4,000, ஒலி ஒளிக்கு 6,000, அச்சுக்கும் பதாகைக்கும் 3,000, விருந்தினர் உணவுக்கு 4,000, பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னத்திற்கு 2,000, போக்குவரத்திற்கு 1,000 எனப் பங்கிட்டால் தொகை தீர்ந்துவிடும். இது கற்பனைக் கணக்கே எனினும், நிகழ்ச்சி நடத்திய அனுபவமுடையோர்க்கு அயலாகத் தோன்றாது.

இக்கணக்கில் ஒத்திகை இல்லை. எட்டு வாரங்கள், வாரத்திற்கு இருமுறை, முறைக்கு மூன்று மணிநேரம் என்றால் ஒருவருக்கு 48 மணிநேரம். பதின்மருக்கு 480 மணிநேரம். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகிய மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72 வெள்ளியாகும். இதன்படி அவ்வுழைப்பின் மதிப்பு ஏறத்தாழ 4,186 வெள்ளி. விருந்தினர் உணவுக்கு ஒதுக்கிய தொகை இதனினும் சற்றே குறைவு. பெண்ணின் ஊதியமில்லா உழைப்பைக் கண்டிக்கும் நாடகம், ஊதியமில்லாப் பெண்ணுழைப்பின் மீதே எழுப்பப்படும் முரண் இங்கு வெளிப்படுகிறது. உணவைப் பாதியாகக் குறைத்துப் பொன்னாடையைத் தவிர்த்தால் 4,000 வெள்ளி மிஞ்சும். முழு ஒத்திகைக்கும் குறைந்தபட்ச ஊதியம் வழங்க அது ஏறத்தாழப் போதும்.

உரிமமும் தொடர்ச்சியும்

நிதி கிடைத்தபின்னும் மேடை உறுதியாவதில்லை. கோலாலம்பூரில் 1992ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டமும் சிலாங்கூரில் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமத்தைக் கட்டாயமாக்குகின்றன. பிரிக்பீல்ட்ஸில் மேடையேறிய நாடகத்தைக் கிள்ளானுக்குக் கொண்டுசெல்ல மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பெண்களின் துன்பத்தை வெளிப்படையாகப் பேசும் படைப்புகள் இக்கட்டத்தில் இடருக்கு உள்ளாவதுண்டு. சிங்கப்பூரில் இளங்கோவன் எழுதிய ‘தலாக்’ நாடகம் 1998இல் தமிழில் மேடையேறியது. 2000இல் அதன் மலாய், ஆங்கில வடிவங்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. எனவே நிதியின் ஒரு பகுதி உரிமத்திற்கான காலத்தையும், நிகழ்ச்சி தள்ளிப்போனால் கலைஞர்க்குரிய இழப்பீட்டையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

தொடர்ச்சியும் இன்றியமையாதது. சென்னையில் 1993 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் அ. மங்கை நெறிப்படுத்திய ‘மௌனக்குரல்’ குழு இதற்குச் சான்று. ஆய்வு நிறுவனம் ஒன்று பல்லாண்டு துணைநின்றமையால், பெண்சிசுக்கொலையைப் பொருளாகக் கொண்ட ‘பச்ச மண்ணு’, இன்குலாபின் ‘ஔவை’ முதலிய நாடகங்கள் உருவாக வாய்ப்பு ஏற்பட்டது. நம் நாட்டிலும் 1985 மார்ச்சில் ஐந்து அமைப்புகள் இணைந்து பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்துப் பயிலரங்கும் கண்காட்சியும் நடத்தின. அதனைத் தொடர்ந்த இயக்கத்தின் பயனாகக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996இல் நடப்புக்கு வந்தது. ஒருநாள் நிகழ்ச்சியின் பயனை அடுத்தநாளே அளந்துவிட இயலாது என்பதை நிதி வழங்குவோர் உணர்தல் நலம்.

நிதி வழங்குவோர் வினவத்தக்கன

மேற்கண்டவற்றின் அடிப்படையில் விண்ணப்பப் படிவத்தில் சில வினாக்களைச் சேர்க்கலாம். நெறியாளர், பொருளாளர் ஆகிய முடிவெடுக்கும் பொறுப்புகளில் பெண்கள் உள்ளனரா? ஒத்திகைக்கு ஊதியம் உண்டா? கைக்குழந்தையுடைய நடிகைக்குக் குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு உண்டா? பிரிக்பீல்ட்ஸில் ஒத்திகை முடித்துக் கிள்ளான் திரும்பும் பெண், கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் இரயிலைத் தவறவிடாதவாறு நேரம் வகுக்கப்பட்டுள்ளதா? பாலியல் தொல்லைக்கு எதிரான 2022ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இயைந்த நடத்தை விதிகளைக் குழு ஏற்றுள்ளதா? நாடகத்தைக் கண்டு தன் துயரைச் சொல்ல முன்வரும் பெண்ணுக்கு, அரங்கிலேயே ஆலோசகர் ஒருவர் இருப்பாரா? ‘தாலியான் காசே’ 15999 என்னும் எண்ணாவது அழைப்பிதழில் அச்சிடப்பட்டுள்ளதா?

இவ்வினாக்கள் அனைத்தும் பெருந்தொகை வேண்டுவன அல்ல. சிலவற்றிற்குத் திட்டமிடலே போதும்.

முடிவுரை

நிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகின்றன. தமிழில் எழுதவும் நடிக்கவும் வல்ல பெண்கள் பலர் இப்படிவங்களின் முன் தயங்கி நிற்கின்றனர். ஆகவே எந்நிதி எங்குள்ளது, அதற்கு வேண்டிய ஆவணங்கள் யாவை, கணக்கு எவ்வாறு காட்டப்பட வேண்டும் என்பவற்றைத் தமிழில் தொகுத்து வெளியிடுதல் உடனடித் தேவையாகும். முன்னரே மானியம் பெற்ற குழுக்கள் தம் விண்ணப்பத்தையும் செலவுக் கணக்கையும் புதியவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் மகளிர் அமைப்புகளும் இணைந்தால் இப்பணி கைகூடும். பரிசில் பெற்றவர் பெறாதவர்க்கு வழிகாட்டும் ஆற்றுப்படை மரபு நம்முடையது. அம்மரபில் இக்காலத்து விறலியர்க்கும் ஒரு நூல் எழுதப்பட வேண்டும்.