காக்கை கொத்தினாலும் அதிரும் கருவி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓடும் தெருவில் தரையே அதிரும். கருந்துளைகள் இணையும்போது எழும் ஈர்ப்பு அலையோ, அதைப் பிடிக்கும் 4 கி.மீ. நீளக் கருவியைப் புரோட்டான் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட அசைக்காது. அத்தகைய கருவியான லைகோ-இந்தியாவுக்கு மராட்டியத்தின் ஒதுக்குப்புறமான ஹிங்கோலியைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஒதுக்குப்புறத்திலும் தொல்லை உண்டு: அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உள்ள லைகோ கருவியில், குழாயில் உறைந்த பனியை அண்டங்காக்கைகள் கொத்தியதுகூடப் பதிவானது!

நிஜ அலையை எப்படிப் பிரிப்பது? இணையும் கருந்துளைகள் எழுப்பக்கூடிய அலை வடிவங்களை முன்பே கணக்கிட்டு, பதிவோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். எத்தனை வடிவங்கள் தேவை, எப்படித் தேர்வது என்று 1991-லேயே ஆராய்ந்தவர்கள் நம் இந்திய இயற்பியலாளர்கள் சத்யபிரகாஷும் சஞ்சீவ் துரந்தரும்.

அடுத்தது சாட்சி. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் இன்னொரு லைகோ கருவி உள்ள லிவிங்ஸ்டனில் பதிவான அதே வடிவம், சுமார் 7 மில்லி விநாடி கழித்து 3,000 கி.மீ. தள்ளியுள்ள ஹான்ஃபோர்டிலும் வந்தது. ஒளிவேகத்தில் 10 மில்லி விநாடிக்குள் வந்தாக வேண்டும், பொருந்தியது.

தற்செயலாக இரண்டு இரைச்சல்கள் ஒத்துப்போயிருந்தால்? எனக்குப் பிடித்த தந்திரம் இங்கேதான். ஒரு கருவியின் பதிவை வேண்டுமென்றே சில விநாடிகள் நகர்த்திவிட்டு மறுபடி ஒப்பிடுவார்கள். நிஜ அலைக்கு அவ்வளவு தாமதம் ஆகாது என்பதால், இப்போது கிடைக்கும் பொருத்தம் எல்லாமே பொய். இப்படி எண்ணிப் பார்த்ததில், அவ்வளவு வலுவான பொய்ப் பொருத்தம் 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வராது என்று தெரிந்தது.