தலை மாற்றும் பிரஷ்ஷும் தலை நறுக்கும் குச்சியும்



இந்த முறை பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பற்றிப் பேசுவோம். "இதுல பேச என்னங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு வேளை தேய்த்ததும் தலையை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, அடுத்த வேளைக்குப் புதுத் தலையை மாட்டிக்கொள்கிற பிரஷ் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பலர் முயன்றிருக்கிறார்கள். கிருமி தங்காத பிரஷ் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நம் லயத்து வீட்டுக்கு ஆகுமா? அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த யோசனை புதுசே இல்லை. நம்ம ஆட்கள் கையில் ரொம்ப காலமாக இருந்ததுதான்.

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் என்றதும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ரயில் நிலையம்தான் ஞாபகம் வரும். 1932-இல் திறந்த அந்த நிலையம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதுவரை ஜோகூர்ப் பக்கமிருந்து ரயிலேறிப் போனவர்கள் கடைசியில் இறங்கிய இடம் அதுதான். அந்த வட்டாரத்தில் துறைமுக வேலைக்கு வந்த தமிழர்கள் நிறையப் பேர். கடையநல்லூர், தென்காசி பக்கத்து முஸ்லிம்களும் அங்கேதான் குடியேறினார்கள். மற்றவர்கள் ஆண்கள் மட்டும் தனியாக வந்த காலத்தில், இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். பிள்ளைகள் படிக்க 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினார்கள். அந்தச் சமூகத்தின் பழக்கம் ஒன்றைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். அதுதான் மிஸ்வாக் குச்சி.

உகாய் மரத்தின் வேர் அல்லது கிளையிலிருந்து எடுப்பது மிஸ்வாக். விரல் கனம், ஒரு சாண் நீளம். நுனியில் பட்டையைச் சீவி, மென்று நார் நாராக்கி, அதால் பல் தேய்ப்பார்கள். இரண்டு மூன்று நாளில் நார் நைந்துவிடும். அப்போது குச்சியை எறிய மாட்டார்கள். நைந்த பாகத்தை மட்டும் கத்தியால் நறுக்கிப் போட்டுவிட்டு, அடுத்த அரை அங்குலத்தைச் சீவி மெல்வார்கள். கைப்பிடி பழசு, தலை புதுசு! இன்றைக்கு எஞ்சினியர்கள் பிளாஸ்டிக்கில் கொண்டுவரப் பார்ப்பது இதைத்தானே?

நம் வேப்பங்குச்சி இன்னும் ஒரு படி மேலே. காலையில் ஒடிப்பது, மெல்வது, தேய்ப்பது, குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழிப்பது, எறிவது. நாளைக்கு வேறு குச்சி. ஒரு வேளைக்கு ஒரு பிரஷ்! ஒருவர் குச்சியை இன்னொருவர் வாயில் வைப்பது என்பது யாருக்கும் நினைப்பிலேயே வராத காரியம். சுத்தம் என்ற விஷயத்தில் அந்தக் காலத்து ஆள் தோற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம்கூட 1980களில், மிஸ்வாக் வழக்கம் உள்ள இடங்களில் அதைப் பயன்படுத்தலாம் என்று ஊக்கம் கொடுத்தது.

ஆனால் குச்சிக்கும் குறை உண்டு. முன்பல்லை நன்றாகத் தேய்க்கும். கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்துக்குப் போகாது. பல்லுக்கு நேர்க்கோட்டில் நிற்கிற குச்சி எப்படி வளைந்து போகும்? சிலர் ஆத்திரத்தோடு குறுக்கே தேய்த்து ஈறைக் கீறிக்கொள்வார்கள். வருஷக் கணக்கில் அப்படிச் செய்தால் ஈறு மேலேறிப் பல்லின் வேர் தெரிய ஆரம்பிக்கும். பிறகு பச்சைத் தண்ணீர் பட்டாலும் கூசும். கரி, உப்பு, செங்கல் தூள் ஆசாமிகளைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது பல் தேய்ப்பது அல்ல, பல்லைத் தேய்த்தே தீர்ப்பது.

இப்போது பிரஷ்ஷின் கதை. 1780-வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் அடிஸ் என்பவர் பிரஷ் செய்து விற்கத் தொடங்கினார். சிறையில் இருந்தபோது எலும்புத் துண்டில் துளை போட்டு மயிரைச் சொருகிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அவருக்கு முன்பே சீனாவில் பன்றி மயிரில் பிரஷ் இருந்தது. கைப்பிடி மாட்டெலும்பு, மயிர் பன்றியினுடையது என்றால், தஞ்சோங் பகார் முஸ்லிம் வீட்டில் அதை யார் தொடுவார்கள்? சைவக்காரர்களும் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். அதோடு அந்த மயிர் சீக்கிரம் உலராது. ஈரம் நின்றால் கிருமிக்குக் கொண்டாட்டம். 1938-இல் அமெரிக்காவில் நைலான் நார் வைத்த பிரஷ் கடைக்கு வந்தது. அதன் பிறகுதான் இந்த இரண்டு தொல்லையும் போயின.

நைலான் வந்தும் சந்தேகம் தீரவில்லை. பிரஷ்ஷால் திரும்பத் திரும்ப வாயில் புண் வருகிறதோ என்று அமெரிக்காவில் காப் என்ற டாக்டர் 1920-லேயே எழுதியிருந்தார். 1980களில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த கிளாஸ் என்ற ஆய்வாளர், பயன்படுத்திய பிரஷ்களைச் சோதித்து, அவற்றில் கிருமிகள் தங்குவதைக் காட்டினார். பிரஷ்ஷை அடிக்கடி மாற்றுங்கள் என்று அவர் சொன்னார். ஒரு வேளைக்கு ஒரு தலை என்ற யோசனைக்கு வலு சேர்ப்பவை இந்த மாதிரி ஆராய்ச்சிகள்தான். 2009-இல் கோல்கேட் கம்பெனி 'விஸ்ப்' என்று ஒரு சின்ன பிரஷ்ஷை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவில் மணி போல ஒன்று இருக்கும். தண்ணீர் வேண்டாம், பசை வேண்டாம், ஒரு முறை தேய்த்துவிட்டுக் குப்பையில் போடலாம். வெளியில் அலைகிறவர்களுக்காகச் செய்த சாமான் அது.

சரி, தலை மாற்றும் பிரஷ்ஷைச் செய்வதில் அப்படி என்ன கஷ்டம்? பெரிய கஷ்டமே அந்த மூட்டுத்தான். தலையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் எச்சிலும் பசையும் உள்ளே புகும். நாலு நாளில் அங்கே கறுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று படியும். மின்சார பிரஷ் வைத்திருக்கும் வீட்டில் தலையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தலை தினமும் புதுசாக இருக்கலாம், கைப்பிடி அதே பழசுதானே? அழுக்கைத் தலையிலிருந்து கழுத்துக்கு இடம் மாற்றிய கதையாக முடிந்துவிடும். அப்படி ஆகாமலிருக்க மூட்டு வழவழப்பாக, இடுக்கே இல்லாமல், ஒரு முறை தண்ணீரில் காட்டினால் கழுவிப் போகிற மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்தது பிடிப்பு. லேசாக மாட்டினால் தேய்க்கும்போது தலை கழன்று வாய்க்குள் விழும். சின்னப் பிள்ளை என்றால் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இறுக்கி மாட்டினால் கழற்றுவதற்கு நாரையே விரலால் பிடித்து இழுக்க வேண்டி வரும். பால் வெட்டின கையோடு, உரம் போட்ட கையோடு புதுத் தலையைப் பிடித்து மாட்டினால் சுத்தம் எங்கே நிற்கும்? ஆகவே ஒவ்வொரு தலையும் தனி உறையில் இருக்க வேண்டும். உறையோடேயே கைப்பிடியில் குத்தி மாட்ட வேண்டும், கை படாமலே கழற்றி எறியவும் வேண்டும். ஒரு பிரஷ் தலையில் சிறு சிறு துளைகள் பல இருக்கும். அந்தத் துளைகளில் நாரை மடித்துச் சொருகுவார்கள். நாரின் நுனியை மழுக்காவிட்டால் ஈறு கிழியும். இத்தனை வேலையும் செய்து, ஒரே வேளையில் குப்பைக்குப் போகிற சாமானை மலிவாக எப்படிக் கொடுப்பது?

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் ஐந்து பேர், நாளைக்கு இரண்டு வேளை. வருஷத்துக்கு 3,650 தலைகள். ஒரு தலை பத்துக் காசு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 365 வெள்ளி ஆகிறது. சாதாரண பிரஷ் ஒன்று மூன்று வெள்ளி என்று வைத்து, மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் ஐந்து பேருக்கும் வாங்கினால் வருஷத்துக்கு இருபது பிரஷ், 60 வெள்ளி. மிச்சம் 305 வெள்ளியில் வீட்டுக்கு வேறு எத்தனையோ வாங்கலாம். குப்பைக் கணக்கு வேறு. சிங்கப்பூரில் குப்பையை எரித்துச் சாம்பலைக் கொட்ட செமாக்காவ் தீவை 1999-இல் திறந்தார்கள். அதுவும் 2035-வாக்கில் நிரம்பிவிடும் என்று சொல்கிறார்கள். எரிக்க ஆலையும் கொட்டத் தீவும் உள்ள ஊருக்கே அந்தக் கவலை. லயத்துக்குப் பின்னால் குழி வெட்டி எரிக்கிற நமக்கு? வேப்பங்குச்சி மண்ணில் மக்கும், நைலான் மக்காது.

இதெல்லாம் இருக்கட்டும், உடம்புக்கு நல்லது என்றால் செலவழிக்கலாமே என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் வைத்திய நிபுணர்கள் சொல்வது வேறு. பிரஷ்ஷில் கிருமி இருப்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் உங்கள் வாயிலிருந்து போன கிருமிதான். தன் பிரஷ்ஷைத் தானே பயன்படுத்துகிற, நல்ல சுகத்தோடு இருக்கிற ஒருவருக்கு அதனால் வியாதி வந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. மருத்துவமனையில் கிடக்கிறவர்கள், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சங்கதி வேறு. அவர்களுக்கு எந்த மாதிரி பிரஷ் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். எறியும் பிரஷ்ஷுக்கு நியாயமான இடம் அங்கேதான், அல்லது பிரயாணத்தில்.

நம் வீடுகளில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பிரஷ்ஷை இரண்டு பேர், மூன்று பேர் உபயோகிப்பது. "ஒரே குடும்பம்தானே, ஒரே ரத்தம்தானே, இதுல என்ன வந்திடப் போவுது?" என்று அம்மாமார்கள் சொல்வதுண்டு. அம்மா, அந்த ரத்தம்தான் இங்கே விஷயமே! ஈறு வீங்கியவர் பல் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் நாரில் ஒட்டும். ஹெப்படைட்டிஸ் பி என்ற ஈரல் நோய்க் கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். அப்பா திங்கட்கிழமை தேய்த்த பிரஷ்ஷை மகன் வியாழக்கிழமை எடுத்தாலும் ஆபத்து தீரவில்லை. ஹெப்படைட்டிஸ் சி-யும் ரத்தம் வழியே பரவுவதுதான், அதற்குத் தடுப்பூசி கிடையாது. பி-க்கு உண்டு. சிங்கப்பூரில் 1987 முதலும், மலேசியாவில் 1989 முதலும் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போடுகிறார்கள். அதற்கு முன்னால் பிறந்தவர்கள், நீங்களும் நானும், போட்டிருக்கிறோமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது. பல்லைச் சொத்தையாக்கும் கிருமியும் எச்சில் வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது.

இன்னொரு தப்பு, எல்லா பிரஷ்ஷையும் ஒரே குவளையில் தலையோடு தலை இடிக்க நிறுத்துவது. ஆளுக்கொரு பிரஷ் வாங்கியும் பலன் போய்விடுகிறது. மூடி போட்டு வைத்தால் சுத்தம் என்று நினைக்கிறார்கள், அதுவும் சரியில்லை. மூடினால் ஈரம் நிற்கும், ஈரத்தில்தான் கிருமி பெருகும். தேய்த்து முடித்ததும் ஓடும் தண்ணீரில் நாரைக் கழுவி, உதறி, தலை மேலே இருக்கும்படி காற்றுப் படும் இடத்தில் நிறுத்துங்கள், அது போதும். மருந்துத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், கொதிக்கிற தண்ணீரில் போடவும் வேண்டாம், நார் கெட்டுவிடும். கக்கூஸ் பக்கத்தில் வைக்காதீர்கள். மூன்று நான்கு மாதத்தில், அல்லது அதற்கு முன்பே நார் விரிந்துவிட்டால், மாற்றிவிடுங்கள்.

பசை விஷயம் பிரஷ்ஷைவிட முக்கியம். ஃபுளோரைடு உள்ள பசையாகப் பார்த்து வாங்க வேண்டும். சிங்கப்பூரில் 1950களிலேயே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கி, 1958-க்குள் தீவு முழுவதும் கொண்டுவந்துவிட்டார்கள். தஞ்சோங் பகார் பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடித்தாலே பல்லுக்குக் கொஞ்சம் காப்பு. மலேசியாவில் 1972-இல் இதைக் கொள்கையாக ஏற்றார்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் குடிக்கிற தோட்டங்களுக்கு அந்தக் காப்பு போய்ச் சேராது. அங்கே பசைதான் துணை. வேப்பங்குச்சிப் பிரியர்கள் காலையில் குச்சியை மெல்லட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி படுக்கும் முன் பிரஷ்ஷும் பசையும் எடுத்துக் கடைவாய் வரை தேய்க்கட்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு பசை, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரப் படத்தில் காட்டுகிற மாதிரி நீளமாகப் பிழிய வேண்டாம்.

மர வேலை தெரிந்த தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஓர் அடி நீளப் பலகையில் நாலு அங்குலத்துக்கு ஒரு துளை போடுங்கள். கைப்பிடி புகுந்து நிற்க வேண்டும், தலை வெளியே நிற்க வேண்டும். துளைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பெயிண்ட் பொட்டு, அதே நிறத்தில் கைப்பிடியில் நூல். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தன் பிரஷ் எது என்று தெரிந்துவிடும். ஜன்னல் ஓரமாக, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்து வையுங்கள்.