நூல்கொண்டு குருவை அளத்தல்

குருவின்றி ஞானமில்லை என்பது நம் நாட்டுச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான துணிபு. ஆயின், குருவென வந்து நிற்பவர் மெய்யாகவே குருதானா என்று ஆராயும் உரிமை மாணாக்கனுக்கு உண்டா என்னும் வினா எளிதில் விடுக்கத்தக்கதன்று. குருவை ஐயுறுதலே பாவம் எனப் போதிக்கும் கூட்டத்துள் வளர்ந்த ஒருவனுக்கு, ஐயம் பிறந்த அன்றே உற்றார், ஊர், வழிபாடு யாவும் ஒருங்கே நழுவுகின்றன. அவன் கையில் எஞ்சுவது நூல் ஒன்றே. அந்நூல் அவனுக்கு எம்மட்டில் துணைசெய்யும், எவ்விடத்திற் கைவிடும் என்பதனைப் பம்பாயில் 1862ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு வழக்கைக் கொண்டு நோக்குவாம்.

வல்லபாசாரியர் வகுத்த புஷ்டிமார்க்கம் கண்ணன்பாற் பக்தி செய்யும் வைணவநெறி. அவர் வழித்தோன்றல்களே பரம்பரையாகக் குருமாராயினர், மகாராஜர் எனப்பட்டனர். இந்நெறிக்குட் புகுவோன் தன் உடல், மனம், பொருள் மூன்றையும் இறைவனுக்கு அர்ப்பணிப்பதாகச் சங்கற்பம் செய்வான். இதில் யாதொரு குற்றமும் இல்லை. குற்றம் புகுந்தது, இறைவனுக்கென்ற அர்ப்பணம் மகாராஜருக்கென்றே கொள்ளப்பட்ட இடத்தில். அடியார்தம் பொருளோடு அவர் வீட்டுப் பெண்டிரும் அவ்வர்ப்பணத்துள் அடங்குவர் என்று சிலர் நடந்துகொண்டனர். அதற்கு ஆதாரமாக, வல்லபரின் பேரரான கோகுலநாதர் பெயரில் வழங்கிய உரையொன்று காட்டப்பட்டது.

அந்நெறியைச் சார்ந்த வணிகர் குடும்பத்திற் பிறந்தவர் கர்சன்தாஸ் மூல்ஜி. கைம்பெண் மறுமணத்தை ஆதரித்து எழுதமுற்பட்டமையால், தம்மை வளர்த்த உறவினரின் வீட்டை இளமையிலேயே இழந்தவர். 1860ஆம் ஆண்டு ஒக்டோபரில், தாம் நடத்திய 'சத்தியப்பிரகாசம்' என்னும் குஜராத்திப் பத்திரிகையில், இந்துக்களின் ஆதிதர்மத்தையும் அக்காலத்துப் போலி மதங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைந்தார். யதுநாத மகாராஜர் ஐம்பதினாயிரம் ரூபா நட்டஈடு கோரி மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தார். குருவுக்கெதிராகச் சாட்சி சொல்லலாகாது எனப் பாட்டியா வணிகர் கூடித் தீர்மானித்தனர். அதன்பொருட்டு அவருட் சிலர் தண்டமும் இறுத்தனர். எனினும், மகாராஜர்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் முதலாகப் பலர் அஞ்சாது மன்றேறினர். 1862 ஏப்பிரலில் தீர்ப்பு வெளிவந்தது. கட்டுரையிற் கூறியவை உண்மையென நிறுவப்பட்டன. வழக்குச் செலவாகக் கர்சன்தாசுக்கு 11,500 ரூபா கிடைத்தது.

இனி, அவர் நூலைக் கையாண்ட முறையை ஆராய்வோம். வேதமே பழையது, வல்லப மார்க்கம் பிற்பட்டது, ஆதலின் அது பொய் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. இது வலியற்ற வாதம் என்றே யான் கருதுகின்றேன். பழைமையே மெய்ம்மைக்கு அளவாயின், வேதத்திற்குப் பின்னெழுந்த தேவாரமும் திருவாசகமும் அவ்வளவையாற் கழிக்கப்படுமன்றோ? பிற்கால ஆய்வாளர் சிலர் இதனையே சுட்டி, ஆங்கில நீதிமன்றம் பக்திநெறியைத் தன் சமயக் கண்ணாடியூடே பார்த்தது எனக் குறைகூறுவர். அக்குறையில் ஓரளவு நியாயமும் உண்டு. ஸ்கொத்லாந்து மிஷனரியார் ஒருவரும் அங்கே சாத்திரம் பற்றிச் சாட்சியம் அளித்தார்.

அவருடைய மற்றை வாதமோ அசைக்கவொண்ணாதது. உரையை மூலத்தோடு வைத்து நோக்குக. மூலம் இறைவனைச் சுட்ட, உரை மனிதனைச் சுட்டுமாயின் உரைகாரனின் நோக்கம் வெளிப்பட்டுவிடுகின்றது. போலிக்குருமார் நூலை மறுப்பதில்லை. மறுப்பின் எவரும் அவரை நாடார். நூலைக் கையிலேந்திக்கொண்டே, அதன் பயனிலையை மட்டும் தம்பாற் திருப்பிக்கொள்வர். நூல் குருவின் பேழைக்குள் இருக்குமளவும் இதனைக் கண்டுபிடித்தல் அரிது. கர்சன்தாஸ் பெரும் சமஸ்கிருத பண்டிதர் அல்லர். அச்சும் பத்திரிகையுமே அவருக்குப் படைக்கலமாயின. அதே காலப்பகுதியில் வண்ணார்பண்ணையில் நாவலரவர்கள் அச்சியந்திரம் நிறுவி, 1852இற் பெரியபுராணத்தை வசனமாக்கிப் பொதுமக்கள் கையிற் கொடுத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நூல்கள் தாமே குருவை அளக்கும் கோலையும் தருகின்றன. முண்டகோபநிடதம், தம்மை அறிஞரென மதித்துத் திரிவோரைக் குருடன் வழிநடத்தும் குருடருக்கு ஒப்பிடும். திருமூலர் ஏழாந்தந்திரத்திற் சற்குரு நெறியை மட்டுங் கூறி அமையாது, அசற்குரு நெறியெனத் தனித் தலைப்பும் வகுத்தார். வள்ளுவரோ, தவம் என்ற அதிகாரத்தை அடுத்துக் கூடாவொழுக்கத்தையும், அதனை அடுத்துக் கள்ளாமையையும் வைத்த முறை வியக்கற்பாலது. போலித்துறவு பிறர் பொருளிற் சென்று முடியும் என்பது அவ்வைப்புமுறையாலேயே பெறப்படும். நேரான அம்பு கொல்லும், வளைந்த யாழ் இசைக்கும் என அவர் காட்டும் உவமை, வேடத்தை விட்டுச் செயலை நோக்குக என்பதற்கே. இவ்வளவுகோலைப் பயன்படுத்தப் பண்டிதனாக வேண்டுவதில்லை. தன் வீட்டில் நிகழ்வதைக் கண்ட பாட்டியாப் பெண்ணொருத்திக்கும் அது போதும்.

ஒன்று மறத்தலாகாது. யதுநாதர் தோற்றாரேயன்றி வல்லபர் தோற்றிலர். நாததுவாரத்தில் ஸ்ரீநாதர் திருமுன் இன்றும் அடியார் திரள்கின்றனர். இவ்வழக்கைத் தழுவிய திரைப்படம் 2024இல் வெளிவரவிருந்தபோது, அந்நெறியினர் சிலர் குஜராத் உயர்நீதிமன்றை அணுகினர். முதலில் இடைக்காலத் தடை விதித்த மன்று, படத்தைப் பார்த்தபின் தடையை நீக்கிற்று. தம் குருமரபு முழுவதும் பழிக்கப்படுமோ என அவர் அஞ்சியது விளங்கக்கூடியதே. ஆயினும், குருவை விடுதல் வேறு, நெறியை விடுதல் வேறு. பாரதத்து உத்தியோக பருவத்தில், அம்பையின்பொருட்டுப் பரசுராமர் போருக்கு அழைத்தபோது, செருக்குற்றுச் செய்வதும் தவிர்வதும் அறியாது நெறிதவறிய குரு கைவிடத்தக்கவர் என்னும் பழைய விதியை வீடுமர் அவர் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கின்றார். பின்னர்த் தேரினின்று இறங்கி, வில்லை வைத்து, நடந்துசென்று அக்குருவை வணங்கிய பின்னரே போர் தொடங்குகின்றார்.