கடுகுக்குள் ஒரு கூட்டல் கணக்கு

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "எண்ணிக்கை கூடக்கூட உயிரி மேம்பட்டதாக இருக்கும்" என்றேன். பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த வாக்கியம் அது. ஒரு மாணவி எழுந்தாள். "ஓபியோகுளோசம்னு ஒரு பெரணிக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல இருக்காமே டீச்சர்? அது நம்மளவிட ஒசத்தியா?" நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

அன்றிரவு படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. குரோமோசோம் எண்ணிக்கை உயர்வு தாழ்வைக் காட்டுவதில்லை. ஒரு செடி எந்த வழியில் வந்தது என்பதற்கான தடயம் அது. வகைப்பாட்டியல் அறிஞர்கள் அதைத் தேடுவதும் அதற்காகத்தான்.

இதற்கான சான்று நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. கடுகு, டர்னிப், முட்டைக்கோஸ் மூன்றும் பிராசிக்கா பேரினம். ஒன்றில் விதையையும், ஒன்றில் கிழங்கையும், ஒன்றில் இலையையும் உண்கிறோம். பார்வைக்கு உறவு தெரியாது. இனச்செல்லில் உள்ள குரோமோசோம்களை எண்ணினால் டர்னிப்புக்கு 10, கருங்கடுகுக்கு 8, முட்டைக்கோஸுக்கு 9. (காலிஃபிளவரும் நூல்கோலும் முட்டைக்கோஸின் சிற்றினமே, அவற்றுக்கும் 9தான்.) இந்தியக் கடுகான பிராசிக்கா ஜன்சியாவுக்கு 18. அதாவது 10 + 8. எண்ணெய்க்காகப் பயிராகும் பிராசிக்கா நேபஸுக்கு 19, எத்தியோப்பியக் கடுகுக்கு 17. இவற்றின் பெற்றோரை மாணவர்களே கூட்டிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எண்கள் தற்செயலாகவும் பொருந்தலாமே? ஜப்பானில் மொரினாகா இதைச் சோதித்தார். இந்தியக் கடுகையும் டர்னிப்பின் சிற்றினத்தையும் கலந்து, அந்தக் கலப்புச் செடியில் குன்றல் பகுப்பை நுண்ணோக்கியில் பார்த்தார். 10 ஜோடிகள் சேர்ந்தன. 8 குரோமோசோம்கள் துணையின்றித் தனியே நின்றன. கடுகுக்குள் டர்னிப்பின் தொகுதி முழுதாக இருப்பதால்தான் அந்த 10 ஜோடி. 1935இல் நாகஹாரு யூ இந்த உறவுகளை ஒரு முக்கோணமாக வரைந்தார். டர்னிப்பின் சிற்றினத்தையும் முட்டைக்கோஸின் சிற்றினத்தையும் கலந்து நேபஸையே உருவாக்கியும் காட்டினார்.

8உம் 10உம் சேர்ந்த முதல் கலப்புச் செடியில் ஜோடி சேர ஒத்த குரோமோசோம்கள் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் மலடு. எப்போதாவது குரோமோசோம்கள் அனைத்தும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் துணை கிடைக்கும், விதை பிடிக்கும், புதுச் சிற்றினம் பிறக்கும். பாலிபிளாய்டி என்று நாம் ஒரு வரியில் கடந்துபோவது இதைத்தான். எண்ணிக்கை குறைவதும் உண்டு. கிரெப்பிஸ் என்ற பேரினத்தில் 4 குரோமோசோம் கொண்ட செடியிலிருந்து 3 கொண்ட சிற்றினம் தோன்றியிருக்கிறது.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் வெளியிட்டார். பாடத்தோடு அவர் பெயரையும் சொல்லுங்கள். மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் 12 ஜோடி. ஒரே குடும்பம், சரி. நெல்லுக்கும் 12 ஜோடிதான்! பூவின் அமைப்பு, குரோமோசோம்களின் வடிவம், அவை ஜோடி சேரும் விதம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுநாள் புளியங்கொட்டையும் மொச்சையும் கொண்டுபோனேன். ஒரு குழுவிடம் 10 புளியங்கொட்டை, 8 மொச்சை. இன்னொரு குழுவிடம் 10 புளியங்கொட்டை. ஒரே வகையை மட்டும் ஜோடி சேர்க்கச் சொன்னேன். எட்டு மொச்சைகள் மேசையில் தனியே கிடந்தன. அதே மாணவி அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப அந்தப் பெரணி எத்தன தடவ இரட்டிச்சிருக்கும் டீச்சர்?"

பலமுறை என்றேன். முந்தைய நாள் நான் சொன்ன வாக்கியத்தை எல்லோரையும் நோட்டில் அடிக்கச் சொன்னேன்.