உங்களுக்குத் தெரியுமா? – ஒரு சிப் போல இன்னொரு சிப் இல்லை!

● ஷியோமியின் முதல் இந்தியத் தயாரிப்பான 'ரெட்மி 2 பிரைம்' போன் 2015-ல், இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீசிட்டியில் தயாரானது. வரிசையாக வெளிவரும் போன்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் அனலாக் சிப்புகளில் எந்த இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல!

● சிப்பில் பதிக்கும் ரெசிஸ்டரின் மதிப்பு, குறித்ததைவிட 20 சதவீதம்கூட ஏறி இறங்கலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். திருப்பதி லட்டு மாதிரிதான்: பாகு முன்பின் ஆனாலும், ஒரே பாகில் பிடித்த இரண்டு லட்டிலும் தித்திப்பு ஒன்றே. அதனால்தான் அனலாக் வடிவமைப்பாளர்கள் மதிப்பை நம்புவதில்லை, விகிதத்தை நம்புகிறார்கள்.

● பொறியியல் கல்லூரி லேப்களில் தவறாமல் இருக்கும் 555 டைமர், ஹான்ஸ் கேமன்சின்ட் 1971-ல் வடிவமைத்தது. உள்ளே வரிசையாக மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். மூன்றும் ஒருசேரத் தலா 6 கிலோ ஓம் ஆகிவிட்டாலும் கவலை இல்லை. மின்னழுத்தம் மூன்று சம பங்காகத்தான் பிரியும். டைமர் நேரம் தவறாது.

● இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கு இடையேயான வேறுபாட்டைப் பாதியாக்க, அவற்றின் பரப்பை 4 மடங்காக்க வேண்டும். 1989-ல் பெல்க்ரோம் குழுவினர் வெளியிட்ட விதி இது. துல்லியம் வேண்டுமா? இடத்தைக் கொடு!

● சிப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஆக்சைடு படலத்தின் தடிமன் மெல்ல மாறினால்? ஜோடி டிரான்சிஸ்டர்களை ஆளுக்கு இரண்டாகப் பிரித்து 'ஏ-பி-பி-ஏ' என்று அடுக்குவார்கள். ஏ-வுக்கு 1, 4-ஆம் இடங்கள். பி-க்கு 2, 3. இரண்டின் கூட்டலும் 5. ஏற்றத்தாழ்வு அடிபட்டுப் போகும்.

● திருப்பதி அருகே காதங்கியில் வளிமண்டலத்தை ஆராயும் எம்எஸ்டி ரேடாரில் 1,024 ஆன்டெனாக்கள். 32 வரிசை, வரிசைக்கு 32. அத்தனை சிக்னலும் ஒத்திசைந்தால்தான் கற்றை நேராகப் போகும். பாகங்களுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடுகளை அளந்து சரிசெய்வதே 'கேலிபரேஷன்'.

● ஏர்ப்பேடு ஐஐடியிலோ ஸ்ரீசிட்டி ஐஐஐடியிலோ சிப் டிசைன் படிப்பவரா நீங்கள்? சிமுலேஷனை 'டிபிகல்' நிலையில் மட்டும் ஓட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். வேகம், மந்தம் என்று எல்லா 'கார்னர்'களிலும், கடுங்குளிரிலும் கொதிவெயிலிலும் ஓட்டிப் பாருங்கள். அதிலும் தேறினால்தான் அது டிசைன்!