செடி ஏன் கழுத்தை நீட்டுகிறது?

“அக்கா, செடி சூப்பரா வளருது. மூணே மாசத்துல ரெண்டு மடங்கு உயரம்!” உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பெருமையோடு கைப்பேசியில் படத்தைக் காட்டினார். கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போனபோது வாங்கிய எச்செவேரியா. வாங்கும்போது ரோஜாப்பூப் போல அடுக்கடுக்காக இருந்ததாம். படத்திலோ குச்சியில் நாலு இலையை ஒட்டி வைத்தாற்போல் நின்றது. அது பட்டினியின் அடையாளம் என்றதும் தம்பியின் முகம் வாடிவிட்டது.

வெளிச்சம் போதாத இடத்தில் சதைப்பற்றுச் செடி தன் கையிருப்பைச் செலவழித்துத் தண்டை நீட்டுகிறது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி தண்டின் நிழல் பக்கத்தில் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கம் நீண்டு, செடி சன்னலை நோக்கிச் சாய்கிறது. எச்செவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டுநிலங்கள். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலையும் அதற்கு ஒத்துப்போகிறது. நம் வீவக வீட்டிலோ இரவிலும் புழுக்கம். சூட்டில் செடி ஓயாமல் வளரப் பார்க்கிறது. அதற்கேற்ற வெளிச்சம் வரவேற்பறையில் இல்லை.

செடி உயர்ந்தாலே கோளாறு என்று நினைக்க வேண்டாம். சில வகைகளுக்குத் தண்டு விடுவதே இயல்பு. அடி இலை காய்ந்து உதிர்வதும் வயதின் வேலை. இலைகளுக்கு இடையிலான தூரத்தைப் பாருங்கள். புது இலைகள் தள்ளித் தள்ளி முளைத்து, நிறம் வெளுத்து, கீழ்நோக்கி மடங்கினால் வெளிச்சக் குறைதான். இலை கண்ணாடிபோல் ஊறிக் குழைந்தால் அது தண்ணீர் மிகுதி, வேறு நோய்.

நம் கண் இருட்டுக்கு எளிதில் பழகிவிடும், அதை நம்பாதீர்கள். பிற்பகல் ஒரு மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும்படி கறுத்த நிழல் விழுந்தால் சரி. மங்கலான கறை மட்டும் தெரிந்தால் போதாது. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நண்பகல் வெயில் கூரையோடு போய்விடும். கிழக்கு, மேற்குச் சன்னல்களில்தான் வெயில் சாய்ந்து உள்ளே வரும். எதிர் புளோக் மறைத்தால் அதுவும் இல்லை. ‘கைராசி’ என்கிறார்களே, சன்னல் எந்தத் திசை என்று கேட்டாலே அதில் பாதி தெரிந்துவிடும்.

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. தலையை வெட்டத்தான் வேண்டும். சுத்தமான கத்தியால், தலைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டு விட்டு வெட்டுங்கள். உடனே மண்ணில் ஊன்றாதீர்கள். நிழலில், காற்றோட்டமாக வைத்து வெட்டுவாய் காயட்டும். மூன்று நாள் போதும் என்பார்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு நான் ஒரு வாரம் விடுகிறேன். பிறகு பியூமிஸ் அல்லது பெர்லைட் பாதிக்குமேல் கலந்த மண்ணில் நடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து லேசாக இழுத்தால் பிடிமானம் தெரியும். அப்புறம்தான் தண்ணீர். அடித்தண்டையும் தூக்கி எறியாதீர்கள், அதிலிருந்து குட்டிகள் முளைக்கும்.

ஆனால் வெட்டும் முன்பே புது இடத்தை முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்று மாதத்தில் மறுபடி அதே கதைதான். வெயிலுக்கு மாற்றும்போது தினமும் கொஞ்ச நேரமாகக் கூட்டி, இரண்டு வாரம் பழக்குங்கள். திடீர் வெயிலில் இலை கருகும், அந்தத் தழும்பு மாறாது. பொதுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பது கூடவே கூடாது, கீழே ஆள் நடமாட்டம் உண்டு.

வெயிலே வராத வீடா? செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கை ஓரடிக்குள் தொங்கவிட்டு, டைமர் போட்டுத் தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். அதுவும் தொல்லை என்றால் எச்செவேரியாவை விட்டுவிட்டு ஹவோர்த்தியா வாங்குங்கள். அது புதர் நிழலில் வளர்ந்து பழகியது, சன்னலோர வெளிச்சமே அதற்குப் போதும்.